நாலு காலும் தரையில்

மாதம் பிறந்த முதல் வாரத்தில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் வீடு மாறிப் போகிறவர்களைப் பார்க்கலாம். மீன்பாடி வண்டியில் பீரோவை மல்லாக்கப் படுக்கவைத்து, ஆளுயரக் கண்ணாடிக்குப் போர்வை சுற்றிக் கயிறு போட்டிருப்பார்கள். அதன்மேல் சுருட்டிய மெத்தை, மெத்தைக்கு மேலே ஸ்டாண்டு ஃபேன், பக்கவாட்டில் தொங்கும் பிளாஸ்டிக் குடங்கள். கடைசி நடையும் போன பிறகு பழைய வீட்டு வாசலில் சில சாமான்கள் மிச்சமிருக்கும். ஒரு கை உடைந்த நாற்காலி, ஸ்பிரிங் வெளியே தெரியும் சோபா, அடிப்பலகை உப்பிப்போன டிவி ஸ்டாண்டு. புது வீட்டில் இவற்றுக்கு இடமில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. "போட்டா என்ன கெடைக்கும்?" என்று ஒருவர் கேட்பார். "யாருக்காச்சும் குடுத்துடலாம், புண்ணியமாப் போகும்" என்பார் இன்னொருவர்.

இந்த இரண்டு பேச்சிலும் சாமானை வைத்திருப்பவர் மட்டும்தான் இருக்கிறார். அது போய்ச் சேரும் வீடு எங்குமே வரவில்லை. எந்தச் சுவரோரம் அது நிற்கப்போகிறது, அதில் யார் படுக்கப்போகிறார்கள், அதை மாடிக்கு ஏற்றப்போவது யார் என்று கேட்க ஆரம்பித்தால் விற்பதா கொடுப்பதா என்கிற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் விலையைப் பேசிவிடலாம். காயலான் கடையில் கட்டில், பீரோ என்று தனித்தனி விலை கிடையாது. இரும்பு என்றால் கிலோ இவ்வளவு. 70 கிலோ பீரோவுக்குக் கிலோ 25 ரூபாய் கொடுத்தால் 1,750 ஆகிறது. புதிதாக வாங்கப் போனால் அதைப்போல ஐந்தாறு மடங்கு கேட்பார்கள். பழைய பொருளின் மதிப்பு இந்த இரண்டு தொகைக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. இன்னும் பத்து வருஷம் துணிமணி வைத்துப் பூட்டலாம் என்றால் கடைக்காரர் சொல்வதைவிடக் கூடுதலாகக் கொடுத்து எடுத்துப்போக ஒரு குடும்பம் கிடைக்கும். கதவே சாத்தவில்லை என்றால் கிலோ விலைதான் நியாயமான விலை. அதற்காகக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மரத்துக்குக் கணக்கு வேறு. இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் ரங்கூன் தேக்கு என்று சொல்லிப் பெருமைப்படும் கட்டில் ஒன்றாவது இருக்கும். பர்மாவிலிருந்து கப்பலில் மரம் வந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு 1964க்கு அப்புறம் அதே கடல்வழியில் மனிதர்கள் வந்தார்கள். கடையையும் வீட்டையும் அங்கேயே விட்டுவிட்டு, கையில் கொஞ்சம் சாமானோடு வந்தவர்கள். எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் அவர்கள் குடியேறிய இடங்கள் இன்றும் பர்மா பெயரிலேயே இருக்கின்றன. தேக்குக் கட்டில் எவ்வளவு அழுக்கேறியிருந்தாலும் ஆசாரி இழைப்புளியை இரண்டு தள்ளு தள்ளினால் உள்ளே பொன்நிறம் தெரியும். அதை விறகு விலைக்குப் போடுவது அநியாயம். அதற்கு வாங்க ஆள் உண்டு, சற்றுப் பொறுத்திருந்து விற்க வேண்டும்.

இன்னொரு மரமும் இங்கே உண்டு. வெளிநாட்டு இயந்திரங்கள் துறைமுகத்தில் வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைன் பலகைகள். அவற்றில் பெஞ்சு, அலமாரி, கோழிக்கூடு, கட்டில் எல்லாம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட பெஞ்சு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பலகையில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை சில சமயம் அழியாமல் இருக்கும். பக்கத்தில் ஏதோ ஒரு நாட்டின் எழுத்துக் குறியும் எச்.டி. என்ற எழுத்துகளும். மரத்துக்குள் இருக்கும் பூச்சி கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் பலகையைச் சூடேற்றியிருக்கிறார்கள் என்பதற்கான உலகளாவிய அடையாளம் அது. 2002இல் வந்த விதி. எங்கோ வளர்ந்து, பெட்டியாகி, கப்பலேறி, எண்ணூரில் ஒரு டீக்கடை பெஞ்சாகி நிற்கும் அந்தப் பலகையைப் பார்த்தால், பழைய பொருளை வைத்துப் பிழைப்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை என்று தெரிகிறது.

மூன்றாவது வகையால்தான் இன்று வீடுகள் நிரம்பியிருக்கின்றன. மரத்தூளையும் சிம்புகளையும் பசையோடு சேர்த்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. வாங்கும்போது தேக்கைவிட மினுமினுப்பாக இருக்கும். ஒருமுறை தண்ணீர் பட்டால் பன்போல உப்பிவிடும். ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ அதே துளையில் மறுபடி பிடிக்காது. இழைக்க முடியாது, ஒட்டுப்போடவும் முடியாது. இதை விற்கவும் முடியாது என்பது வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கடலோரத்தில் சாமான் சீக்கிரம் கிழடாகிறது. உப்புக்காற்று பீரோவின் அடித்தகட்டிலும் கதவுக் கீலிலும் முதலில் பிடிக்கும். ராயபுரத்து வீடுகளில் முன்பு நிலக்கரித் தூளும் சேர்ந்துகொண்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வதை உயர் நீதிமன்றம் 2011இல் நிறுத்தச் சொல்லும்வரை, காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம் என்கிற நிலை. நிலக்கரி எண்ணூருக்குப் போனது, தூளும் அங்கே போனது. ஆகவே இங்கிருக்கும் ஒரு பீரோவின் வயதை அடையாறிலோ மயிலாப்பூரிலோ இருக்கும் பீரோவின் வயதோடு ஒப்பிடக் கூடாது.

அப்பா போன பிறகு திருவொற்றியூர் வீட்டைக் காலி செய்து அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். அந்த வீட்டில் பெரிய சாமான் என்றால் அம்மாவின் பீரோதான். கல்யாணச் சீராக வந்தது. நம் வீடுகளில் கட்டிலும் பீரோவும் பெண்ணோடு வருகின்றன. ஆனால் விற்கும் பேச்சு வரும்போது மகன்தான் முன்னால் நின்று விலை பேசுகிறான். நானும் அப்படித்தான் நின்றேன். கடைக்காரர் குனிந்து அடித்தகட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். துரு பொடிந்து உதிர்ந்தது. "வெயிட்டுக்குத்தான் எடுப்பேன் தம்பி" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தார். "வெயிட்டுக்குப் போடறதுக்கா எங்கப்பா வாங்கிக் குடுத்தாரு?"

கடைக்காரர் அதற்குமேல் பேசவில்லை. கதவைத் திறந்து, சாத்தி, லாக்கர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். "மேல எல்லாம் கெட்டியா இருக்கும்மா. காலு மட்டும்தான் போயிருக்கு. வெல்டிங் வச்சு ஸ்டாண்டு அடிச்சா ஓடும்" என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்துக்கொண்டு போனார். அந்த வார்த்தைக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அடியை வெட்டியெடுத்து, ஆங்கிள் வைத்து ஸ்டாண்டு அடித்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே சாம்பல் நிறப் பெயிண்ட் கொடுத்தோம். தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மாளின் மகளுக்கு அப்போதுதான் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வைத்திருந்தார்கள். அவளை அழைத்து, எடுத்துக்கொண்டு போ என்றார் அம்மா.

"எவ்ளோன்னு சொல்லுங்க ஆயா."

"ஒண்ணும் வேணாம் போ."

"சும்மாலாம் வேணாம் ஆயா. நாளைக்கு எங்க மாமியா கேட்டா, நான் வாங்குனதுன்னு சொல்லணும்."

அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு 2,000 என்றார். அவள் 1,500 என்றாள். 1,700க்கு முடிந்தது. வெல்டிங் கூலியையும் பெயிண்டையும் கழித்தால் எங்களுக்குக் கையில் நின்றது சொற்பம். பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருந்த வடிவுடையம்மன் படத்தைக் கத்தி முனையால் மெதுவாகக் கிளப்பி எடுத்துக்கொண்டார் அம்மா. சீராக வந்த பொருளை இன்னொரு பெண் தன் காசில் வாங்கிப் போகிறாள் என்பதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. விற்பதைக் கொடுப்பதைவிடத் தாழ்ந்ததாக நினைக்கும் பழக்கம் நடுத்தர வீடுகளில் இருக்கிறது. அது சரியில்லை. வாங்குகிறவருக்குப் பேரம் பேசும் உரிமை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. நாளைக்கு அதை விற்கவோ உடைக்கவோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். குறைந்த விலைக்கு நல்ல பொருளை விற்பது இந்த ஊரில் மரியாதையான காரியம்.

கொடுப்பதில்தான் சிக்கல் அதிகம். நாம் வழக்கமாக யாருக்குக் கொடுக்கிறோம்? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு, வாட்ச்மேனுக்கு, இஸ்திரிக்காரருக்கு. அதாவது நம்மிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களுக்கு. ஸ்பிரிங் போன சோபாவை "நீ எடுத்துக்கோ" என்று சொன்னால் அந்த அக்கா என்ன செய்வார்? மாதச் சம்பளம் தருகிற கை அது. சிரித்துக்கொண்டே சரி என்பார். வண்டி வாடகை அவருடையது. அவர் வீடு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும், ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும். படிக்கட்டில் சோபா திரும்பாது. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற நாலு பையன்களைக் கூப்பிட்டு அவர்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும். ஏற்றிய பிறகு இரவில் பிள்ளைகள் பாய் விரிக்க இடமிருக்காது. ஒரு மாதம் பொறுத்துவிட்டு அதை இறக்கித் தெருமுனைக் குப்பைத்தொட்டி அருகே போடுவார், அதற்கும் கூலி அவர் கையிலிருந்துதான். நம் வீட்டுக் குப்பையை அகற்றும் செலவை நம்மைவிட ஏழையான ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அதற்குத் தானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கொடுக்க வேண்டிய இடங்கள் இல்லாமலில்லை. 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 24 வீடுகள். விரிசலைக் கவனித்து எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டில், பீரோ, பாத்திரம், பள்ளிப் புத்தகம் எல்லாம் இடிபாட்டுக்குள் போயின. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவியும் மாற்று வீடும் அரசு அறிவித்தது. ஆனால் வீடு என்பது நான்கு சுவரோடு முடிவதில்லை. மாற்று வீட்டுக்குள் நுழைந்த முதல் இரவு தரையில் விரிக்க ஏதாவது வேண்டும், துணியை வைத்து மூட ஏதாவது வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கலந்த வெள்ளம் வந்தது. எர்ணாவூரிலும் எண்ணூர் முகத்துவாரத்து ஊர்களிலும் வீட்டுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு நின்றது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த சாமான்களுக்கு என்ன ஆனது என்பதைப் பார்த்தால் எது நிலைக்கும், எது நிலைக்காது என்று தெரியும். பஞ்சு மெத்தை எண்ணெய் குடித்துவிட்டது, வெயிலில் போட்டும் பயனில்லை. பார்ட்டிகிள் போர்டு அலமாரி கஞ்சியாகக் கரைந்தது. இரும்புச் சாமான் மட்டும் சோப்புத்தூளுக்கும் தேங்காய் நாருக்கும் கொஞ்சம் இடம்கொடுத்தது. எண்ணெய்க் கசிவுக்காக அரசு அறிவித்த நிவாரணம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய். இதில் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. 7,500 ரூபாயில் ஒரு குடும்பத்தின் படுக்கையையும் அலமாரியையும் அடுப்பையும் மறுபடி வாங்கிவிட முடியாது. செகண்ட் ஹேண்ட் கடையும், தெரிந்தவர் வீட்டுப் பழைய கட்டிலும் இல்லாமல் அந்தக் குடும்பங்கள் எழுந்து நிற்க வழியில்லை.

அப்படியொரு நேரத்தில் நாம் எதை அனுப்புகிறோம் என்பதுதான் கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழந்துணி மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கிழிந்ததும் சாயம் போனதும் அனுப்பப்பட்டிருந்தன. கடலில் எல்லாவற்றையும் இழந்த மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட மறுத்தன. அது அகங்காரம் என்று அப்போது சிலர் சொன்னார்கள். மானமுள்ள எந்தக் குடும்பமும் அதைத்தான் செய்யும். சாமான்களுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

கொடுப்பதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை அப்பாவின் பிரம்பு நாற்காலியில்தான் கிட்டத்தில் பார்த்தேன். சட்டம் முழுசாக இருந்தது, உட்காருமிடத்தில் பின்னல் அறுந்து பெரிய ஓட்டை. பார்வையற்றோருக்கு நம் ஊரில் நெடுங்காலமாகக் கற்றுத்தரும் தொழில்களில் நாற்காலி பின்னுவது ஒன்று. அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளை அவர்கள்தான் பின்னித் தந்தார்கள். பிளாஸ்டிக் வயரும் குஷனும் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. விசாரித்து அப்படி ஒருவரை அழைத்து வந்தேன். பெரியவர் முதலில் பழைய பிரம்பை முழுக்க அறுத்தெடுத்தார். சட்டத்தின் ஓரமெங்கும் உள்ள துளைகளில் ஆணியை விட்டுக் குத்தி அழுக்கை நீக்கினார். பிரம்பு நார் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு நாரை எடுத்துக் கட்டைவிரலால் தடவி வழவழப்பான பக்கத்தை மேலே திருப்பிக்கொண்டார். நேர்க்கோட்டில் ஒரு வரிசை, குறுக்கே ஒன்று, மறுபடி நேர், மறுபடி குறுக்கு, பிறகு இரண்டு மூலைவாட்டுகள். துளைகளை இடது கை விரல்கள் எண்ணிக்கொண்டே போயின. ஆறாவது வரிசை ஓடும்போது நடுவில் தேன்கூட்டுக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "இப்ப உக்காராதீங்க சார், காயட்டும். காஞ்சா தானா இழுத்துப் புடிச்சுக்கும்" என்றார். மறுநாள் தட்டிப் பார்த்தபோது கிண்ணென்றிருந்தது.

அந்த நாற்காலி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனது. அங்கே கேட்டபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. தாழ்ந்த சோபா முதியவர்களுக்கு ஆகாது, அதில் உட்கார்ந்தால் எழ முடியாது. கைப்பிடி உள்ள, உயரமான, ஆடாத நாற்காலிதான் வேண்டும். கட்டிலென்றால் கால் ஊன்றும் உயரம் வேண்டும். அழகு, நிறம், ஜோடி எதுவும் தேவையில்லை. ஸ்டான்லி மருத்துவமனைக்கு அருகே, 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இன்றும் முதியோரை வைத்துக் காப்பாற்றுகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு வண்டியை அனுப்புவதற்கு முன்னால் போன் செய்து என்ன தேவை என்று கேட்பது எவ்வளவு எளிது! பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நாற்காலி பின்னக் கொடுத்த கூலிதான் நான் உண்மையில் கொடுத்தது. சட்டம் ஏற்கெனவே எனக்கு வேண்டாத பொருள், வேண்டாததைக் கொடுப்பதில் கொடை எதுவும் இல்லை. கூலி பின்னியவரின் வீட்டுக்குப் போனது, நாற்காலி இல்லத்துக்குப் போனது. பஞ்சு மெத்தையும் அப்படித்தான். பிரித்து, வெயிலில் காயவைத்து, அடித்து, புது உறை தைத்துக் கொடுக்கலாம். ஃபோம் மெத்தையில் அது நடக்காது. மூட்டைப்பூச்சி பிடித்த கட்டிலைக் கொடுப்பது அந்த வீட்டுக்குள் ஒரு நோயை அனுப்புவதற்குச் சமம், அதை எந்தக் காரணம் சொல்லியும் செய்யக் கூடாது.

எதற்கும் உதவாதவை இருக்கின்றன. அவற்றைப் போகியன்று தெருவில் கொளுத்த வேண்டாம். பசையும் ரெக்சினும் ஃபோமும் எரிந்த புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் பழைய சோபா, மெத்தை, மரச்சாமான்களை வீட்டுக்கே வந்து எடுத்துப்போகிறது. 1913 எண்ணில் பதிவு செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மறுசுழற்சிக்கு ஆகாதது கடைசியில் எரிக்கத்தான் படும். நகரம் கழிப்பதில் ஒரு பெரும் பகுதி வந்து சேரும் கொடுங்கையூரும், அதன் புகையைச் சுவாசிக்கும் தெருக்களும் வடசென்னையில்தான் இருக்கின்றன. அங்கே புதிதாக எரிஉலை கட்டும் திட்டத்தை மக்கள் எதிர்த்துவருவதற்குக் காரணம் உண்டு. பிரான்சில் 2013 முதல், புது நாற்காலியோ கட்டிலோ வாங்கும்போதே அதைப் பின்னாளில் சேகரித்து அகற்றுவதற்கான தொகையை விலையோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். இங்கே அந்தக் கணக்கை மினுமினுப்பான அலமாரியை விற்கும் கடையும் கேட்பதில்லை, வாங்கும் நாமும் கேட்பதில்லை. கடைசியில் கட்டுவது கொடுங்கையூர்.

வீட்டில் பழைய சாமான் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொடுக்க நினைக்கும் நாற்காலியில் முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், கட்டிலில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். நாலு காலும் தரையில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் ஆசாரியையோ வெல்டரையோ அழைத்துச் சரிசெய்த பிறகு, எடுத்துக்கொள்பவர் வீட்டில் இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பழுது பார்த்த கூலியும் வண்டி வாடகையும் உங்களுடையதாக இருக்கட்டும்.